ஒரு டீஸ்பூன் காற்று போதும்... குறைமாதக் குழந்தைக்கு வென்டிலேட்டர் ஏன் மெதுவாக ஊத வேண்டும்?

நினைச்சுப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணி. விருதுநகர் அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு வெளியே நீங்க நிற்கிறீங்க. உங்க மதினிக்கு ஏழு மாசம் முடிஞ்சதுமே வலி வந்து, குழந்தை பிறந்துவிட்டது. எடை ஒரே ஒரு கிலோ. வெடி ஆபீஸ் வேலைக்குப் போட்டிருந்த அதே சட்டையோடு ஓடிவந்த அண்ணன், கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துட்டே இருக்கார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன நெஞ்சு உள்ளே குழிஞ்சு போகுது. "இவ்ளோ கஷ்டப்படுதே... மெஷின்ல காத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுடா" என்கிறார்.

நீங்க போய்க் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "நுரையீரல்ல தண்ணி இருக்கு. அது வடியணும். மெதுவாத்தான் போகணும்."

தண்ணி இருந்தால் பலமா ஊதித் தள்ள வேண்டியதுதானே? ஸ்ட்ராவில் அடைப்பு இருந்தால் நாம அப்படித்தானே ஊதுவோம்? கேள்வி நியாயமானதுதான். டாக்டர்களும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைச்சாங்க. ஆனால், குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் கணக்கு தலைகீழ். மெதுவாக ஊதினால் தண்ணீர் வடியும். பலமாக ஊதினால் புதுத் தண்ணீர் ஊறும். இது ஏன் என்று தெரிஞ்சுக்கிட்டால், அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் ராத்திரியில் உங்க பயம் பாதியாகக் குறையும்.

வயிற்றுக்குள் நுரையீரல் காலியாக இருப்பதில்லை

"குழந்தை பனிக்குடத் தண்ணியைக் குடிச்சிருச்சு, அதான் நுரையீரல்ல தண்ணி" என்று வீட்டில் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. அது முழு உண்மை இல்லை. கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரலில் இருக்கும் நீரை, அந்த நுரையீரலே தயாரிக்கிறது. பிறக்கும் நேரத்தில், எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 25 முதல் 30 மி.லி. வரை இந்த நீர் இருக்கும்.

எப்படித் தயாரிக்கிறது? உப்பை வைத்துத்தான். மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால், மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும் இல்லையா? உப்பு எந்தப் பக்கம் போகிறதோ, தண்ணீரும் அந்தப் பக்கம் போகும். கருவில் நுரையீரல் செல்கள், உப்பின் ஒரு பாதியான குளோரைடைக் காற்றறைகளுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். சோடியம் பின்னால் போகும். தண்ணீரும் கூடவே போகும்.

அந்தத் தண்ணீர் வீணாக நிற்பதில்லை. உள்ளே நிரம்பி நிற்கும் நீர்தான் நுரையீரலை விரித்துப் பிடித்து வளர வைக்கிறது. கருவிலேயே அந்த நீர் ஒழுகிப் போனால் நுரையீரல் சரியாக வளராது.

ஆக, பிரச்னை தண்ணீர் இருப்பது இல்லை. பிறந்த பிறகும் அது போகாமல் இருப்பதுதான்.

பிரசவ வலி திறக்கும் மடை

நம்ம ஊர்க் கண்மாயை மனசில் வைத்துக்கொள்ளுங்க. மழைக்காலத்தில் வரும் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். நேரம் வந்ததும் மடையைத் திறந்தால், வாய்க்கால் வழியாகத் தண்ணீர் போய்விடும். நுரையீரலிலும் இப்படி மடைகள் இருக்கின்றன. காற்றறைச் சுவரில் இருக்கும் சோடியம் வழித்தடங்கள்தான் அவை.

பிரசவ வலி வந்ததும் குழந்தையின் உடம்பில் அட்ரினலின் ஹார்மோன் எகிறும். அந்த ஹார்மோன் போய் மடைகளைத் திறந்துவிடும். இத்தனை மாதமாக உப்பை உள்ளே தள்ளிய செல்கள், இப்போது சோடியத்தைக் காற்றறையிலிருந்து திரும்ப இழுக்க ஆரம்பிக்கும். உப்பு வெளியே போனால் தண்ணீரும் வெளியே. வலி வருவதற்கு முன்பே சிசேரியன் செய்து எடுக்கப்படும் குழந்தைகளில் சிலருக்கு, முழு மாதம் ஆகியிருந்தாலும் ஓரிரு நாள் மூச்சு வேகமாக வாங்குவது இதனால்தான். மடை திறக்கும் சிக்னல் அவங்களுக்குக் குறைவாகக் கிடைத்திருக்கும்.

அடுத்து முதல் அழுகை. அந்த அழுகைக்கு முன் குழந்தை இழுக்கும் மூச்சு, காற்றறையில் இருக்கும் நீரைச் சுவர் வழியாகப் பக்கத்துத் திசுவுக்குத் தள்ளுகிறது. இதைப் படமாகவே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஹூப்பர் குழுவினர், பிறந்த முயல்குட்டிகளின் நுரையீரலைச் சிறப்பு எக்ஸ்-ரே மூலம் மூச்சுக்கு மூச்சு படம் பிடித்தார்கள். எங்கே தெரியுமா? ஜப்பானில் உள்ள 'ஸ்ப்ரிங்-8' என்ற பிரமாண்ட எக்ஸ்-ரே ஆய்வுக்கூடத்தில். 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கிய சிவகாசிக்காரங்க கேட்டுக்க வேண்டிய தகவல் இது! 2007-ல் வெளியான அந்த ஆய்வில், குட்டி மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் நீர் ஒரு படி பின்வாங்கி, காற்று ஒரு படி முன்னேறுவது தெரிந்தது.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று. காற்றறையை விட்டு வெளியேறிய நீர், உடனே உடம்பை விட்டுப் போய்விடாது. காற்றறைக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவில் உள்ள திசுவில் போய்த் தேங்கும். அங்கிருந்து நிணநீர்க் குழாய்களும் ரத்தக்குழாய்களும் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்துப்போக, சில மணி நேரமாவது ஆகும். அதுவரை அந்த நீர் வாய்க்காலில் தளும்பி நிற்கும் தண்ணீர் மாதிரிதான். கொஞ்சம் அசந்தால் திரும்பக் காற்றறைக்குள் வந்துவிடும்.

அதைத் தடுக்கக் குழந்தையே ஒரு வித்தை செய்யும். மூச்சை வெளியே விடும்போது தொண்டையைப் பாதி மூடிக்கொண்டு விடும். அழுகையிலும் இது நடக்கிறது. முழுக் காற்றும் வெளியே போய்விடாமல், கொஞ்சம் காற்று உள்ளேயே நின்று நீர் திரும்ப வராமல் காவல் காக்கும். மூச்சுத் திணறும் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் 'ம்... ம்...' என்று முனகுவதைப் பார்த்திருந்தால், அது வலியில் முனகுவதாக நினைக்காதீங்க. தன் நுரையீரல் மூடிவிடாமல் இருக்க அது நடத்தும் போராட்டம் அது.

சீக்கிரம் வந்த குழந்தைக்கு என்ன குறை?

28 வாரத்தில் பிறந்த குழந்தையிடம் இந்த ஏற்பாடு எல்லாமே அரைகுறையாகத்தான் இருக்கும்.

மடைகள் போதுமான எண்ணிக்கையில் இருக்காது. மார்பு எலும்புகள் இளசாக இருப்பதால், பலமாக மூச்சு இழுத்தால் நுரையீரல் விரிவதற்குப் பதிலாக நெஞ்சுதான் உள்ளே குழியும். உங்க அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்தது அதைத்தான். காற்றறைச் சுவரோ மிகவும் மென்மையாக இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, சர்ஃபேக்டன்ட். காற்றறைகளின் உள்பக்கம் பூசப்பட்டிருக்கும், சோப்பு மாதிரியான ஒரு வழுவழுப்பு. ஈரமான பாலித்தீன் பை உள்பக்கம் ஒட்டிக்கொண்டால் பிரிக்க எவ்வளவு கஷ்டம்? சர்ஃபேக்டன்ட் இல்லாத காற்றறையும் ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படி ஒட்டிக்கொள்ளும். அதோடு, சுவரைத் தாண்டி ரத்தக்குழாயில் உள்ள நீரையும் தன் பக்கம் இழுக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த வழுவழுப்பு 34, 35 வாரங்களில்தான் தேவையான அளவுக்குச் சேர்கிறது.

இதை 1959-ல் அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரி, ஜெர் மீட் என்ற இருவர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆனால் சிகிச்சை அப்போது இல்லை. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தை. எடை இரண்டு கிலோ அளவில். அன்றைய உலகின் செல்வாக்கு மிகுந்த அப்பாவாலும் அந்தக் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டே நாளில், மூச்சுத்திணறலால் இறந்துபோனது. இன்று அதே எடையில் அதே மாதத்தில் பிறக்கும் குழந்தைகள், பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் பெரும்பாலும் நலமாக வீட்டுக்குப் போகிறார்கள்.

கரை உடைந்தால் என்ன ஆகும்?

சரி, அப்போ வென்டிலேட்டர் வைத்துப் பலமாகக் காற்றைத் தள்ளினால் என்ன?

திரும்பக் கண்மாய்க்கு வாங்க. மடை வழியாக வடிய வேண்டிய தண்ணீரை அவசரப்பட்டுத் தள்ளினால், மடை பெரிசாகாது. கரைதான் உடையும். காற்றறை அளவுக்கு மீறி விரியும்போது, சுவரில் செல்லும் செல்லும் சேரும் இடங்களில் இடைவெளி விழுகிறது. பக்கத்து ரத்தக்குழாயின் சுவரும் கசிய ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் உள்ள புரதம் கலந்த நீர், காற்றறைக்குள் புகுந்துவிடுகிறது. தண்ணீரை வெளியேற்றப் போய், வெள்ளத்தை உள்ளே விட்ட கதை.

இதோடு முடியவில்லை. உள்ளே வந்த புரதம், இருக்கிற கொஞ்சநஞ்ச சர்ஃபேக்டன்டையும் வேலை செய்ய விடாது. காற்றறை இன்னும் ஒட்டிக்கொள்ளும். அதைத் திறக்க இன்னும் அழுத்தம் தேவைப்படும். அழுத்தம் கூடினால் இன்னும் கசியும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டால் மீள்வது கஷ்டம். போதாக்குறைக்கு, நெஞ்சுக்குள் அழுத்தம் ரொம்ப ஏறினால், நிணநீர் போய்ச் சேர வேண்டிய பெரிய ரத்தக்குழாய்களிலும் அழுத்தம் ஏறும். அதாவது, வாய்க்கால் போய்ச் சேரும் இடமே அடைபடும்.

வெடி ஆபீஸில் மருந்து செலுத்தும் அறையைப் பற்றித் தெரிஞ்சவங்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. வேலை சீக்கிரம் முடியணும் என்று மருந்தை அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும் என்பது அந்த வேலை பார்க்கும் ஒவ்வொருத்தருக்கும் தெரியும். அளவு முக்கியம், கை மெதுவாகப் போகணும். அங்கே ஒரு மருந்து, இங்கே ஒரு மருந்து. ரெண்டுக்கும் ஒரே விதி.

ஆறே ஆறு மூச்சு

"ஒரு பத்து நிமிஷம் மட்டும் பலமா ஊதினா தப்பா?" என்று கேட்கலாம். பத்து நிமிஷம் வேண்டாம். ஆறு மூச்சு போதும் என்று காட்டியது ஓர் ஆய்வு.

1997-ல் லார்ஸ் பியார்க்லண்ட் தலைமையிலான ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள், குறைமாதத்தில் எடுக்கப்பட்ட செம்மறிக் குட்டிகளை ஜோடி ஜோடியாகச் சோதித்தார்கள். மொத்தம் ஐந்து ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் உடன்பிறந்தவை. ஒரு குட்டிக்கு, பிறந்தவுடன் கையால் அமுக்கும் காற்றுப் பை மூலம் ஆறு பெரிய மூச்சு கொடுத்தார்கள். கிலோவுக்கு 35 முதல் 40 மி.லி. இன்னொரு குட்டிக்கு அது இல்லை. பிறகு இரண்டுக்கும் சர்ஃபேக்டன்ட் கொடுத்து, ஒரே மாதிரி வென்டிலேட்டரில் வைத்தார்கள். ஆறு பெரிய மூச்சு வாங்கிய குட்டிகளின் நுரையீரல் சரியாக விரியவில்லை. கொடுத்த மருந்தும் அவற்றுக்குச் சரியாக வேலை செய்யவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் நடந்து முடிந்த விஷயம், அடுத்த பல மணி நேரத்தைத் தீர்மானித்துவிட்டது.

இன்று பிரசவ அறையில், குழந்தைக்குக் காற்று கொடுக்கும் டாக்டரும் நர்ஸும் பையை இரண்டு விரலால் பட்டும் படாமலும் அமுக்குவதைப் பார்த்தால், 'ஏன் இவ்வளவு மெதுவா' என்று பதறாதீங்க. அந்த மெதுவில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு டீஸ்பூன் கணக்கு

மென்மையான வென்டிலேஷன் என்றால் எவ்வளவு காற்று? ஒரு மூச்சுக்கு, கிலோவுக்கு 4 முதல் 6 மி.லி. ஒரு கிலோ குழந்தைக்குச் சுமார் 5 மி.லி. அதாவது ஒரு டீஸ்பூன். இருமல் மருந்து கொடுக்கும் அதே ஸ்பூன்தான்!

பழைய மெஷின்களில் டாக்டர் அழுத்தத்தை மட்டும் செட் செய்வார். நுரையீரல் இறுக்கமாக இருந்தால் அதே அழுத்தத்தில் கொஞ்சம் காற்று போகும். சர்ஃபேக்டன்ட் கொடுத்து நுரையீரல் இளகியதும், அதே அழுத்தத்தில் ரெண்டு மடங்கு காற்று உள்ளே போய்விடும். குழந்தை தேறி வரும் நேரத்தில்தான் ஆபத்து. இப்போதைய வென்டிலேட்டர்களில் பல, ஒவ்வொரு மூச்சிலும் எத்தனை மி.லி. போகிறது என்று அளந்து, அழுத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இந்த முறையில் நுரையீரல் ஓட்டை விழுவதும், நாள்பட்ட நுரையீரல் நோயும் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பாடம் பெரியவர்களுக்கும் பொருந்தும். 2000-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், நுரையீரலில் நீர் கோத்த நோயாளிகளுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்தபோது சுமார் 40 சதவிகிதம் பேர் இறந்தார்கள். 6 மி.லி. மட்டும் கொடுத்தபோது அது 31 சதவிகிதமாகக் குறைந்தது. மெஷினில் இருந்தது ஒரே மாதிரி காற்றுதான். அளவு மட்டும் பாதி.

பாட்டிலில் குமிழி விடும் வைத்தியம்

எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் தொண்டைக்குள் குழாய் விட வேண்டியதும் இல்லை. தானாக மூச்சு விட முயலும் குழந்தைக்கு, மூக்கில் ஒரு சின்னக் குழாய் வைத்து, இடைவிடாத லேசான காற்றழுத்தம் கொடுத்தாலே போதும். இதுக்குப் பெயர் சி-பேப்.

1971-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். முனகும் குழந்தை தொண்டையை மூடிச் செய்யும் வேலையை நாமே வெளியிலிருந்து செய்து கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. அவர் சிகிச்சை கொடுத்த 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

இதன் எளிமையான வடிவம்தான் 'பபிள் சி-பேப்'. குழந்தை விடும் மூச்சு, ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் பாட்டிலுக்குள் போகும். குழாயின் நுனி தண்ணீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், நுரையீரலில் 5 செ.மீ. தண்ணீர் அளவுக்கு அழுத்தம் எப்போதும் நிற்கும். 6 செ.மீ. இறக்கினால் 6. அவ்வளவுதான் கணக்கு! பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் வருமே, அந்த மாதிரி 'குளு குளு' என்று குமிழி வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் வரும் வரை அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜென்-டியன் வுங் என்ற மருத்துவர் இதையே பிடிவாதமாகப் பயன்படுத்தி வந்தார். 1987-ல் அமெரிக்காவின் எட்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாள்பட்ட நுரையீரல் நோய் மிகக் குறைவாக இருந்தது அவர் இருந்த இடத்தில்தான். அந்த ஒப்பீட்டைச் செய்தவர், சர்ஃபேக்டன்ட் குறையைக் கண்டுபிடித்த அதே மேரி எல்லன் ஏவரி.

மெதுவா என்றால் குறைவா?

இல்லை. இதுதான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம். மென்மை என்றால் மெஷினை அரைகுறையாக வைப்பது இல்லை. மூச்சை உள்ளே தள்ளும் அளவு சின்னதாக இருக்கணும். ஆனால், மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் ஓர் அடிப்படை அழுத்தம் நின்றே ஆகணும். அதே ஜப்பான் எக்ஸ்-ரே முறையில் குறைமாத முயல்குட்டிகளைப் பார்த்தபோது, இந்த அடிப்படை அழுத்தம் இல்லாதவற்றின் நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் விரிந்து, உடனே காலியானது. அழுத்தம் இருந்தவற்றில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து உள்ளேயே தங்கியது.

இந்த அழுத்தம் தண்ணீரை மாயமாக மறைய வைப்பதில்லை. காற்றறைக்குள் இருந்ததைப் பக்கத்துத் திசுவுக்கு மாற்றி, திரும்பி வராமல் பிடித்து வைக்கிறது. மீதி வேலையைக் குழந்தையின் நிணநீர்க் குழாய்களே பார்த்துக்கொள்ளும். மெஷின் வாங்கித் தருவது நேரம் மட்டும்தான். குழந்தைதான் தன்னைக் குணப்படுத்திக்கொள்கிறது.

ஆக்ஸிஜனுக்கும் இதே கதை. மானிட்டரில் 100 காட்டினால்தான் நல்லது என்று நாம நினைப்போம். குறைமாதக் குழந்தைக்கு ஆக்ஸிஜன் கொடுக்கும்போது 90-க்கும் 95-க்கும் இடையில் வைக்கத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். அளவுக்கு மிஞ்சிய ஆக்ஸிஜன், விழித்திரையையும் நுரையீரலையும் கெடுக்கும்.

நீங்க என்ன செய்யலாம்?

மெஷின் டாக்டர் கையில். ஆனால், அதுக்கு முன்னாடியே சில விஷயங்கள் குடும்பத்தின் கையில் இருக்கு.

*வலியை 'சூட்டு வலி' என்று தள்ளாதீங்க.* ஒன்பதாம் மாசத்துக்கு முன்பே வயிறு விட்டுவிட்டு இறுகுவது, அடிமுதுகு வலி, நீர் கசிவது, ரத்தம் படுவது... இதில் எது வந்தாலும், 'இன்னைக்கு ஷிஃப்ட்டை முடிச்சுட்டுப் போலாம்', 'சம்பளம் போயிரும்' என்று நிற்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்க.

*அந்த நாலு ஊசி.* நியூஸிலாந்தின் லிகின்ஸ், ஹோவி என்ற மருத்துவர்கள் 1972-ல் சொன்ன வழி இது. குறைப்பிரசவம் வரும் என்று தெரிந்தால், பிரசவத்துக்கு முன்பே அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது. அது குழந்தையின் சர்ஃபேக்டன்டையும் கூட்டும், சோடியம் மடைகளையும் சீக்கிரம் தயார்படுத்தும். நம்ம நாட்டில் 24 முதல் 34 வாரம் வரை, டெக்ஸாமெத்தசோன் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு தடவை போடணும் என்று 2014-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. வலி வந்து சீக்கிரம் போனால்தான் இந்த ஊசிக்கு நேரம் கிடைக்கும். ஒரு மணி நேரம் முன்னாடி போவதற்குக்கூட மதிப்பு இருக்கு.

*குழந்தையை வயிற்றில் வைத்தே கூட்டிட்டுப் போங்க.* பிறந்த பிறகு ஒரு கிலோ குழந்தையை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, பிரசவத்துக்கு முன்பே பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கு அம்மாவைக் கொண்டுபோவது ரொம்பப் பாதுகாப்பானது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, விருதுநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. எங்கே போகணும் என்பதை ஏழாம் மாச செக்கப்பிலேயே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யோசிக்க வேண்டாம்.

*சரியான கேள்வியைக் கேளுங்க.* 'காத்தைக் கூட்டுங்க' என்பதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்க: "பிரசவத்துக்கு முன்னாடி ஊசி முழுசா போட்டாச்சா? சர்ஃபேக்டன்ட் தேவைப்படுதா? நேத்தைக்கு இன்னைக்கு அழுத்தம் குறைஞ்சிருக்கா? எப்போ குழாயை எடுத்துட்டு சி-பேப்புக்கு மாத்துவீங்க?" குழந்தை தேறுதா இல்லையா என்பதை இந்தப் பதில்கள் சொல்லும்.

*தாய்ப்பாலை நிறுத்தாதீங்க.* குழந்தை மெஷினில் இருந்தாலும், அம்மா பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம். டாக்டர் அனுமதித்ததும், குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை ஆரம்பிங்க. அம்மாவால் முடியாத நேரத்தில் அப்பாவும் செய்யலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு மூச்சு நிமிஷத்துக்கு 60-க்கு மேல் போனாலோ, நெஞ்சு குழிந்தாலோ, முனகல் கேட்டாலோ, கை வைத்தியம் பார்த்துட்டு இருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்க.

'வென்டிலேட்டர்' என்ற வார்த்தை

நம்ம பகுதியில் இந்த வார்த்தைக்கு ஒரு பாரம் இருக்கு. வெடி விபத்து நடந்த நாளில், "வென்டிலேட்டர்ல வச்சிருக்காங்களாம்" என்று யாராவது சொன்னால், கேட்டவங்க அதுக்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டாங்க. அந்த மௌனத்தைப் பார்த்து வளர்ந்த அண்ணன், தன் குழந்தைக்கு அதே வார்த்தையைக் கேட்கும்போது உடைந்துபோவது இயல்புதான்.

அவர்கிட்ட நீங்க சொல்ல வேண்டியது இதுதான். ஒரு கிலோ குழந்தைக்கு அந்த மெஷின் பெரும்பாலும் சில நாள் தங்கும் துணை. உள்ளே தேங்கியிருப்பது, இத்தனை மாசம் அந்த நுரையீரலை வளர்த்த தண்ணீர். அது வந்த வழியே திரும்பிப் போகணும். ஒரு மூச்சுக்கு ஒரு டீஸ்பூன் காற்று, அடியில் 5 செ.மீ. அழுத்தம், நடுவில் கொஞ்சம் பொறுமை.

காலையில் டாக்டர் வந்து, "நேத்தைக்கு இருந்ததைவிட அழுத்தத்தைக் குறைச்சிருக்கோம்" என்று சொன்னால், பதறாதீங்க. அண்ணனை உலுக்கி எழுப்பிச் சொல்லுங்க. தண்ணி வடிய ஆரம்பிச்சிருச்சு.